கதாநாயகன் செத்த பிறகு கன்ட்ரோலர் யார் கைக்குப் போகணும்? (கதை முழுக்க உடையும், எச்சரிக்கை)

கச்சான்காத்து | மண்டபம்

தடைக்காலம் ஓடுது. ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரைக்கும் 61 நாளைக்கு விசைப்படகு எதுவும் கடலுக்குள்ள இறங்காது. பகல்ல படகு மராமத்து, ராத்திரி கேம். அப்படி இந்தத் தடவ ரெட் டெட் ரிடெம்ப்ஷன் ரெண்டு பாகத்தையும் முடிச்சேன். முடிச்சதுல இருந்து மண்டைக்குள்ள ஒரே யோசனை, அத இங்க இறக்கி வைக்கிறேன்.

ரெண்டுலயும் கதாநாயகன் செத்துப்போறான். சண்டையில அடிபட்டு, திரை கறுத்து, திரும்ப அதே இடத்துல எந்திரிச்சு நிப்போம்ல, அந்தச் சாவு இல்ல. கதைச் சாவு. போனவன் போனவன்தான்.

2010ல வந்த முதல் பாகத்துல ஜான் மார்ஸ்டன் பொண்டாட்டியையும் மகனையும் குதிரையில ஏத்தி அனுப்பிட்டு, கொட்டகைக் கதவைத் தள்ளித் திறக்கிறான். வெளிய பட்டாளத்துக்காரங்க வரிசை கட்டி நிக்கிறாங்க. அந்த இடத்துல ஆட்டம் நமக்கு அந்தப் பழைய வசதியக் குடுக்குது: நேரம் மெதுவா நகரும், ஒவ்வொருத்தனா குறி வைக்கலாம். ஆட்டம் முழுக்க நம்ம உசுரக் காப்பாத்தினது அதுதான். நானும் முடிஞ்ச மட்டும் சாய்ச்சேன். பத்தல. பத்தாதுன்னு தெரிஞ்சேதான் குடுத்திருக்கான்.

அதுக்கப்புறம் கதை 1914க்குத் தாவுது, மகன் ஜாக் நம்ம கைக்கு வர்றான். அப்பன் வச்சிருந்த துப்பாக்கி எல்லாம் இவன்கிட்ட இருக்கு. ஆனா குரல் வேற, முகம் வேற. அப்பனக் கொன்ன அதிகாரியத் தேடிப் போகலாம், போகாமலும் இருக்கலாம். ஆட்டம் கட்டாயப்படுத்தல.

2018ல வந்த ரெண்டாம் பாகத்துல ஆர்தர் மார்கன். கடன் வசூல் பண்ணப் போன இடத்துல இருமிக்கிட்டு இருந்த ஒரு விவசாயிய அடிக்கிறான். அங்க ஒட்டுன காசநோய்லதான் கடைசி வரைக்கும் கரையுறான். அவன் போனதும் ஜான் வர்றான். ஆர்தரோட பையும் அவன் எழுதின நோட்டும் ஜான்கிட்ட வந்திருக்கு. நோட்டத் திறந்து பாருங்க. ஆர்தர் படம் வரைஞ்சா பறவை பறவையாவே இருக்கும். ஜான் அதே நோட்டுல தொடர்ந்து வரையுறான், சின்னப்புள்ள கிறுக்கின மாதிரி. அந்தப் பக்கத்தப் பார்த்த நேரத்துலதான் ஆர்தர் செத்தது எனக்கு உறைச்சது. மலை உச்சியில சாகும்போதுகூட இல்ல.

இன்னொன்னு, நம்ம ஊர்க்காரனுக்கு மட்டும் சிரிப்பு வர்ற விஷயம். ஆர்தர் நல்லா நீந்துவான். ஜானக் கொண்டுபோய் ஆழத்துல இறக்குங்க, கொஞ்ச நேரத்துல முங்கிருவான். ஆள் மாறிட்டான்னு தண்ணியே சொல்லுது.

என் கட்சி இதுதான். கதாநாயகன் செத்தா கன்ட்ரோலர் அடுத்தவன் கைக்குப் போகணும். செத்தவன எழுப்பிக் கொண்டுவர்ற கதை எல்லாம் ஏமாத்து வேல. மறுப்பு இருந்தா எழுதுங்க.

---

நெறியாளர்

தலைப்புல எச்சரிக்கை சேர்த்துட்டேன். இந்த இழையில யாரும் ‘கதைய உடைச்சுட்டாங்க’ன்னு புகார் குடுக்கக் கூடாது.

---

பழைய_கேசட் | தொண்டி

தம்பி, நீ சாவுன்னு சொல்றதே எனக்கு இடிக்குது.

நாங்க டிவியில கேசட் சொருகி ஆடின காலத்துல கான்ட்ராவுல மூணு உசுரு. மேல மேல கீழ கீழன்னு அந்தக் குறுக்கு வழியப் போட்டா 30 உசுரு. அது சாவா? கை தப்புறதுக்குப் பேரு சாவுன்னு வச்சிருந்தான், அவ்வளவுதான். அப்புறம் நெட் சென்டர் காலம், வைஸ் சிட்டி. நடுரோட்டுல சுட்டுக் கொன்னாலும் ஆஸ்பத்திரி வாசல்ல எந்திரிச்சு நிப்பான். துப்பாக்கி போயிருக்கும், கொஞ்சம் காசு போயிருக்கும், சட்டையில ஒரு கசங்கல் இருக்காது. யாரும் அதப் பார்த்துத் தத்துவம் பேசல. வாசல்ல நிக்கிற ஆம்புலன்ஸத் தூக்கிட்டுப் போயிருவோம்.

இந்த ரெண்டு சாவையும் ஒரே கதைக்குள்ள ஒட்டினவன் எனக்குத் தெரிஞ்சு பிரின்ஸ் ஆஃப் பெர்சியா செஞ்சவன்தான். 2003, சாண்ட்ஸ் ஆஃப் டைம். இளவரசன் நடந்த கதைய யாருக்கோ சொல்லிக்கிட்டே வர்றான். நாம குதிக்கத் தெரியாமப் பள்ளத்துல விழுந்து செத்தா, அவன் குரல் வரும்: இல்ல இல்ல, அப்படி நடக்கல, திரும்பச் சொல்றேன். செத்தது இளவரசன் இல்ல. கதை சொல்றவனுக்கு நாக்கு பெரண்டுபோச்சு, அம்புட்டுதான். யாருக்குச் சொல்றான், ஏன் சொல்றான்னு கடைசியில தெரியும்போது மொத்த ஆட்டமும் வேற அர்த்தம் ஆயிரும்.

அதனால நான் கேக்குறது, எழுப்புறதா அடுத்தவன்கிட்ட குடுக்குறதான்னு இல்ல. நாம நூறு தடவ செத்து எந்திரிச்சத இந்தக் கதை கணக்குல எடுத்துக்குதா இல்லையா? ஜான் மார்ஸ்டன் கொட்டகைக்கு வர்றதுக்கு முன்னாடி எத்தன தடவ குதிரையில இருந்து மலையில விழுந்து செத்திருப்பான் உன் கையில? அப்பெல்லாம் எந்திரிச்சவன் கொட்டகை வாசல்ல மட்டும் ஏன் எந்திரிக்கல? அதுக்கு உன் ஆட்டத்துல பதில் இருக்கா?

---

ரீசார்ஜ்_ராஜா | பரமக்குடி

இவ்ளோ பெரிய பெரிய பதிவு யாருய்யா படிக்கிறது. பிஜிஎம்ஐ ஆடுங்க, போன்ல கூட்டாளிகளோட சேந்து ஆடுற துப்பாக்கிச் சண்டை. அடிபட்டு விழுந்தா கூட்டாளி வந்து தூக்குவான். தூக்கலேன்னா செத்துட்டு மத்தவன் ஆடுறத உக்காந்து பாக்கணும். இதுதான் உயிர்த்தெழுதல். விவாதம் முடிஞ்சது, எல்லாரும் கலைங்க.

---

சேதுக்கரையாள் | ராமேஸ்வரம்

ராஜா தம்பி விளையாட்டாச் சொன்னாலும் சரியான ஆளத்தான் தொட்டிருக்கு. செத்துட்டு மத்தவன் ஆடுறதப் பாக்குற முதல் ஆள் நம்ம அரவான்தான். களப்பலி குடுத்துட்டாங்க, ஆனா 18 நாள் யுத்தத்தையும் பாக்கணும்னு வரம் வாங்கிட்டான். கூத்துல பார்த்திருப்பீங்க, தல மட்டும் கண்ணத் திறந்து பாத்துக்கிட்டு இருக்கும். அவனால ஒருத்தனையும் தூக்க முடியாது, ஒரு அம்பு விட முடியாது. உன் பிஜிஎம்ஐ அரவான்கிட்ட இருந்து எடுத்த ஐடியா.

பெரிய பதிவு ராத்திரி போடுறேன். இப்ப வகுப்பு.

---

ஷிஃப்ட்_முடிஞ்சவன் | கீழக்கரை (இப்ப துபாய்)

> செத்தவன எழுப்பிக் கொண்டுவர்ற கதை எல்லாம் ஏமாத்து வேல.

கச்சான் தம்பி செகிரோ ஆடலன்னு நெனைக்கிறேன். 2019ல வந்துச்சு. அதுல நாயகன் ஓநாய்னு பேரு வச்ச ஒரு நிஞ்ஜா. அவன் காக்க வேண்டிய சின்னப் பையன் குரோ. பையன் உடம்புல ஓடுற ரத்தத்துக்கு ஒரு வரம், அந்த வரத்தால ஓநாய் செத்தாலும் எந்திரிப்பான். சண்டைக்கு நடுவுலயே செத்து, எதிரி திரும்பி நடக்கும்போது பின்னாடி எந்திரிச்சு வெட்டலாம். நீ சொல்ற மாதிரி பார்த்தா ஏமாத்துலயே பெரிய ஏமாத்து.

ஆனா கொஞ்ச தூரம் போனதும் ஊருல ஆளுங்க இரும ஆரம்பிக்கிறாங்க. நம்மகிட்ட பேசிக்கிட்டிருந்த கிழவி இருமுறா. கோயில்ல மரச்சிலை செதுக்குற ஆள் இருமுறான். அதுக்கு டிராகன் அழுகல்னு ஒரு நோய். காரணம் என்னன்னா நாமதான். நாம திரும்பத் திரும்பச் செத்து எந்திரிக்கிறப்ப எல்லாம் அந்த உசுரு எங்க இருந்தோ உறிஞ்சிட்டு வருது, அவங்ககிட்ட இருந்துதான் வருது. நோய் பிடிச்ச ஆளோட கதை அப்படியே நின்னுரும். செத்தா அனுபவப் புள்ளியும் காசும் பாதி போகும் இல்லையா, அது போகாமத் தப்பிக்க 30 சதவீத வாய்ப்புன்னு ஒன்னு இருக்கும். ஊருல இருமுறவங்க கூடக் கூட அந்தச் சதவீதம் இறங்கிக்கிட்டே வரும்.

நைட் ஷிஃப்ட் முடிச்சுட்டு வந்து ஆடினேன், கேம்ப்ல ஒரே ரூம்ல நாலு பேரு. ஒரு பெரிய எதிரிகிட்ட (கடைசியில வர்றவன் இல்ல, நடுவுல வர்றவன்) திரும்பத் திரும்பச் செத்துக்கிட்டே இருந்தேன். அந்தக் கிழவி இருமுற சத்தம் கேட்டதும் கன்ட்ரோலரக் கீழ வச்சுட்டேன். என்னோட கைவராத கோளாறுக்கு அது ஏன் இருமணும்? சாவ எனக்கு உறைக்க வச்ச ஆட்டம் இதுக்கு முன்னாடி ஒன்னும் இல்ல.

கேசட் காக்கா (எங்க ஊருல அண்ணனக் காக்கான்னுதான் சொல்லுவோம்) கேட்ட கேள்விக்கு நேரடிப் பதில் இங்க இருக்கு. நாம நூறு தடவ செத்தத செகிரோ ஒன்னு விடாம எண்ணி வச்சிருக்கு. யார் தலையில எழுதணுமோ அங்க எழுதியும் வச்சிருக்கு.

முடிவு நாலு இருக்கு. ஒன்னுல ஓநாய் தன்னையே வெட்டிக்கிட்டுப் பையன சாதாரண மனுஷனா வாழ விடுறான். அத எடுக்க ஆட்டத்துல சுத்தி வளைச்சுப் போகணும், ஒட்டுக்கேக்கணும், கல்லறையில போய் நிக்கணும். சும்மா கிடைக்காது.

---

ஜெ_தங்கச்சிமடம்

ஷிஃப்ட் காக்கா சொன்னதோட நான் ஒன்னு சேக்குறேன். எங்க ஊருல ஈஸ்டர் முடிஞ்சு அடுத்த ஞாயிறு பூசையில தோமா கதைதான் வாசிப்பாங்க. உயிர்த்தவர்தான்னு அவன் நம்பல. ஆணி அடிச்ச தழும்புல விரல விட்டுப் பாத்தாத்தான் நம்புவேன்னான். சின்ன வயசுல எனக்குப் புரியாத விஷயம், சாவையே ஜெயிச்சு வந்தவருக்கு அந்த ஓட்டை மட்டும் ஏன் ஆறல? உபதேசியாரக் கேட்டேன். ஆறிட்டா யாருன்னு எப்படிடா கண்டுபிடிக்கிறதுன்னாரு.

அதுக்கப்புறம் எந்தக் கதையில எவன் உயிர்த்து வந்தாலும் நான் தழும்பத்தான் தேடுறேன். வைஸ் சிட்டிக்காரனுக்குத் தழும்பு கிடையாது, அதனால அது உயிர்ப்பும் கிடையாது. அதுல கேசட் அண்ணன் சொல்றது சரி.

மாஸ் எஃபெக்ட் 2 எடுங்க. 2010. ஆரம்பிச்ச சில நிமிஷத்துலயே ஷெப்பர்ட் விண்வெளியில மூச்சடைச்சுச் செத்துப்போறாரு. ஒரு தீவிரவாதக் கூட்டம் ரெண்டு வருஷம் பணத்தக் கொட்டி அந்த உடம்பத் திரும்பத் தைக்குது. அந்தத் திட்டத்துக்கு வச்ச பேரே லாசரஸ், பைபிள்ல ஏசு உயிரோட எழுப்பின ஆள் பேரு. எந்திரிச்சு வர்றவரு முகத்துல பிளவு பிளவாத் தழும்பு. கெட்ட வழியில போகப் போக அது செவப்பா எரியும். நல்ல வழியில போனா ஆறிரும்.

இங்கதான் எனக்கு வருத்தம். தழும்பு நல்லா வச்சான், ஆனா நல்லவனா இருந்தா மறையும்னுட்டான். அது தப்பு. நல்லவனுக்குத்தான் தழும்பு நிக்கணும். கதையில உண்மையான தழும்பு வேற இடத்துல இருக்கு: பழைய கூட்டாளி ஒருத்தர ரெண்டு வருஷம் கழிச்சுப் பாக்குறாரு ஷெப்பர்ட். கட்டிப்பிடிச்ச கையோட அந்த ஆள் கோவப்படுது. நீ செத்துட்டேன்னு நான் அழுது முடிச்சுட்டேன், இப்ப வந்து எவன் கூடவோ சேந்துட்டு நிக்கிறியேன்னு. சரியான கோவம். செத்தவன் திரும்பி வந்தா எல்லாரும் சந்தோஷமா இருப்பாங்கன்னு யாரு சொன்னது?

---

கச்சான்காத்து | மண்டபம்

ரெண்டு பேரு எழுதினதும் நல்லாருக்கு. ஆனா நீங்க சொல்ற ரெண்டு ஆட்டமும் என் கட்சியத்தான் பலப்படுத்துது. செகிரோவுல எந்திரிக்கிறது கேவலம்னு ஆட்டமே சொல்லுது. நல்ல முடிவுல அவன் செத்தே போறான். மாஸ் எஃபெக்ட்ல எழுப்புனது தீவிரவாதக் கூட்டம். அப்ப எழுப்புறது தப்பான வேலைன்னு அவங்களுக்கே தெரியுது.

எழுப்புறது நல்ல வேலைன்னு சொல்ற ஒரு கதை காட்டுங்க. அதுக்கு விலையும் இருக்கணும். ஏமாத்தும் இருக்கக் கூடாது.

---

சேதுக்கரையாள் | ராமேஸ்வரம்

காட்டுறேன். க்ரோனோ ட்ரிகர். 1995ல ஜப்பான்ல வந்த பழைய ஆட்டம், காலப்பயண எந்திரத்துல காலம் காலமாத் தாவிப் போற கதை. எங்க அண்ணன் கம்ப்யூட்டர்ல எமுலேட்டர் போட்டு வச்சிருந்தான், அதுல ஆடினேன்.

க்ரோனோதான் நாயகன். ஆட்டம் முழுக்க ஒரு வார்த்த பேச மாட்டான். கடலுக்கு அடியில ஒரு அரண்மனை, அங்க லாவோஸ்னு பூமியவே அழிக்கப் போற ஜந்து எந்திரிக்குது. கூட்டாளிகளக் காப்பாத்த க்ரோனோ மட்டும் முன்னாடி போய் நிக்கிறான். ஒரு வெளிச்சம். அவ்வளவுதான். உடம்புகூட இல்ல, பொடியாப் போயிடுறான். நாயகன் இல்லாம ஆட்டம் அப்படியே தொடருது. கச்சான் அண்ணன் கேட்ட மாதிரி கன்ட்ரோலர் கூட்டாளிகள் கைக்குப் போயிருது.

திரும்பக் கொண்டுவர வழி இருக்கு. ஆனா கட்டாயம் இல்ல. அவன் இல்லாமலே கடைசி வரைக்கும் போய் லாவோஸக் கொன்னு ஆட்டத்த முடிக்கலாம். இத நல்லா கவனிங்க, ஏன்னா உங்க ஜாக் மார்ஸ்டன் மாதிரிதான் இதுவும்.

கொண்டுவரணும்னா ஒரு பொம்மை வேணும். க்ரோனோ மாதிரியே இருக்கிற பொம்மை. ஆட்டத்தோட தொடக்கத்துல வர்ற திருவிழாவுல ஒரு கூடாரத்துக்குள்ள அத ஜெயிக்கலாம். ஜெயிச்சா பொம்மை அவன் வீட்டுக்குப் போயிரும். அவன் போன பிறகு கூட்டாளிங்க அவங்க அம்மா இருக்கிற வீட்டுக்குப் போய், அவன் அறையில இருந்து அந்தப் பொம்மைய எடுத்துட்டு வரணும். அப்புறம் கி.பி. 2300, உலகம் அழிஞ்சு கிடக்கிற காலம். சாவு மலைன்னு ஒரு மலை, காத்து ஆளத் தள்ளிக்கிட்டே இருக்கும், ஏறி உச்சிக்குப் போகணும். போனா அவன் செத்த அந்த நொடி உறைஞ்சு நிக்குது. எல்லாம் அசையாம நிக்குது. கூட்டாளிங்க உள்ள நடந்து போய், அவன எடுத்துட்டு, அவன் நின்ன இடத்துல பொம்மைய வச்சுட்டு வந்துருவாங்க. நேரம் திரும்ப ஓடும்போது வெளிச்சத்துல பொடியாப் போறது பொம்மை.

எங்க சித்தப்பா காரியம் பண்ணி வைக்கிறவர். அக்னி தீர்த்தத்துக்கு எங்கெங்க இருந்தோ வருவாங்க. உடம்பு கிடைக்காமப் போன சாவுக்கு என்ன செய்றதுன்னு ஒருநாள் கேட்டேன். தர்ப்பையில உருவம் செஞ்சு, அத உடம்பா பாவிச்சு, தகனம் பண்ணிட்டு மத்த காரியத்தச் செய்யணும்னாரு. அப்புறமா ஒருநாள் இந்த ஆட்டத்துல மலை உச்சிக்குப் போறேன். பொம்மைய அந்த இடத்துல நிக்க வச்சதும் கையெல்லாம் புல்லரிச்சுப்போச்சு. ஜப்பான்காரனுக்குத் தர்ப்பை தெரிஞ்சிருக்க வேண்டியதில்ல. ஆனா உடம்பே இல்லாத சாவு தொங்கிக்கிட்டே இருக்கும், அந்த இடத்துல எதையாவது வச்சாத்தான் முடியும்கிறது அவனுக்கும் தெரிஞ்சிருக்கு. வித்தியாசம் என்னன்னா, நாம உருவத்த எரிச்சு ஆள அனுப்பி வைக்கிறோம். அவன் உருவத்த எரிச்சு ஆளத் திருப்பி வாங்கிக்கிறான்.

விலை எங்கன்னு கேப்பீங்க. மலை ஏறுறதுதான் விலை. அவன் இல்லாம வாழப் பழகிட்ட பிறகு, கட்டாயம் ஒன்னும் இல்லாதப்போ, அவனுக்காகப் போறோம்ல, அதுதான். செகிரோவுல எந்திரிக்கிறவன் அடுத்தவன்கிட்ட இருந்து எடுக்கிறான். இங்க அடுத்தவங்க தானா நடந்து போய்க் குடுக்குறாங்க.

---

பழைய_கேசட் | தொண்டி

சேதும்மா, நல்லா எழுதியிருக்க. ஆனா ஒரு இடத்துல நான் நிப்பேன். காலப்பயண எந்திரம் கையில இருக்கிறவனுக்குச் சாவே கிடையாதே. அரண்மனைக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி போய் ‘டேய் உள்ள போகாத’ன்னு சொல்ல வேண்டியதுதான? ஏன் பொம்மை, ஏன் மலை? கதைக்காரன் உணர்ச்சிக்காகச் சட்டத்த வளைச்சிருக்கான்.

சட்டத்த வளைக்காம நின்ன ஆட்டம்னா ஃபைனல் ஃபேன்டசி 7. 1997. நம்ம கூட்டாளிப் பொண்ணு ஏரித் சாகுற இடம். அதுல ஒரு சங்கடம் இருக்கு. சண்டையில யார் விழுந்தாலும் ஃபீனிக்ஸ் இறகு ஒன்னு போட்டா எந்திரிச்சுருவாங்க. பை நெறைய அந்த இறகு வச்சுக்கிட்டு நிக்கிறோம். வில்லன் ஏரித வாளால குத்துறான். இறகப் போட விட மாட்டேங்குது. எங்க காலத்துப் பயலுக எத்தன பேரு ‘இத்தன லெவல் ஏத்தினா உசுரு வந்துரும், இந்தப் பொருள அந்தத் தண்ணியில போட்டா வந்துரும்’னு புரளி கிளப்பினானுக. ஒன்னும் நடக்கல.

அதவிட ஒன்னு. அவ செத்த கையோட அடுத்த சண்டை வருது, பெரிய சண்டை. பெரிய சண்டைன்னா அதுக்குன்னு அடிதடி மியூசிக் வரணும். வரல. அவளுக்கான பாட்டே ஓடிக்கிட்டு இருக்கு. நாம வெட்டணும், மருந்து போடணும், மாயம் விடணும், காதுல அந்தப் பாட்டு. எழவு வீட்டுல அழுகைக்கு நடுவுல பந்தல்காரன் கணக்குக் கேட்டு நிப்பான்ல, பணத்த எண்ணிக் குடுக்கணும்ல, அந்த நெலம.

---

ஜெ_தங்கச்சிமடம்

> இறகப் போட விட மாட்டேங்குது.

இதத்தான் நீங்களே மேல குத்தம்னு சொன்னீங்க அண்ணே. மலையில விழுந்தப்ப எந்திரிச்சவன் கொட்டகையில ஏன் எந்திரிக்கலன்னு கேட்டீங்க. ஏரித்துக்கு மட்டும் சலுகையா?

---

பழைய_கேசட் | தொண்டி

ஏரித்துக்குச் சலுகைதான். போடா.

---

கச்சான்காத்து | மண்டபம்

சேது அக்கா பதிவ ரெண்டு நாளா திரும்பத் திரும்பப் படிக்கிறேன். பதில் எழுதணும்.

எங்க தெருவுல ஒரு வீடு இருக்கு. அந்த வீட்டு மூத்தவன் வடகடல்ல தொழிலுக்குப் போன இடத்துல காணாமப் போனான். கூடப் போன ரெண்டு பேரு கரை சேந்துட்டாங்க, இவன் வரல, உடம்பும் ஒதுங்கல. 7 வருஷம் ஒரு தகவலும் இல்லேன்னாத்தான் சட்டம் ஒருத்தன இறந்தவனா எடுத்துக்கும். அது வரைக்கும் எந்தக் காகிதத்துல கேட்டாலும் அவன் இருக்கான். அந்தம்மா இன்னும் காரியம் செய்ய விடல. பொட்டும் எடுக்கல. அந்தப் பக்கம் ஏதோ ஜெயில்ல இருக்கான், பேரு மாறி இருக்கான்னு யாராவது ஒருத்தன் சொல்லிக்கிட்டே இருக்கான். சொல்றவனுக்குக் காசும் குடுத்திருக்காங்க.

நான் ஏன் உயிர்த்து வர்ற கதைன்னாலே சீறுறேன்னு இப்பப் புரிஞ்சிருக்கும். மலை ஏறிப் போனா உறைஞ்ச நொடியில நிப்பான், கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்துரலாம்னு சொல்ற கதை அந்தம்மா காதுல விழுந்தா என்ன ஆகும்? அதத்தான் அவங்களுக்கு எவனோ ஏற்கனவே காசுக்குச் சொல்லிக்கிட்டு இருக்கான்.

ஜான் மார்ஸ்டனுக்கு வீட்டுப் பக்கத்து மேட்டுல சமாதி இருக்கு. ஜாக் அங்க போய் நிக்கலாம். எனக்கு அது போதும். எங்க தெருவுக்கு அதுதான் இல்ல.

---

ஷிஃப்ட்_முடிஞ்சவன் | கீழக்கரை (இப்ப துபாய்)

தம்பி, அல்லாஹ் அந்தக் குடும்பத்துக்குப் பொறுமையக் குடுக்கட்டும்.

எங்க பக்கம் உடம்பு இல்லாமலே காயிப் ஜனாஸா தொழுவோம். இங்க வளைகுடாவுல ஒருத்தர் மவுத்தாகி இங்கேயே அடக்கிட்டா, ஊர்ப் பள்ளியில தொழுதுருவாங்க. வாப்பாவோட கபுர ஒருநாளும் பாக்காத புள்ளைங்க எங்க தெருவுல இருக்காங்க. ஆனா தொழுதாச்சு. அது ஒரு முடிவு. சேது தங்கச்சி சொன்ன தர்ப்பையும் அந்த வேலையத்தான் செய்யுது.

க்ரோனோ கதை அந்தம்மாவுக்குச் சொல்லக் கூடாதுன்னு நீ சொல்றது சரி. ஆனா எல்லாக் கதையும் எல்லார்கிட்டயும் சொல்றதுக்கு இல்ல. அதுக்காகக் கதையே ஏமாத்துன்னு ஆயிராது.

நீ கேட்ட ‘எழுப்புறது நல்ல வேலை, விலையும் உண்டு’ங்கிற ஆட்டத்துக்கு இன்னொன்னு சொல்றேன். நியர் ஆட்டோமேட்டா, 2017. நாயகர்கள் ரோபோக்கள், செத்தா வேற உடம்புல நினைவ ஏத்திருவாங்க. கதை அதையும் கடைசியில பறிச்சுருது, எல்லாரும் சாகுறாங்க. அப்புறம் கடைசி முடிவு. படம் முடிஞ்சு பேர் பட்டியல் ஓடும், அந்தப் பேருங்களோடயே சண்டை போடணும். தனியா ஜெயிக்கிறது ரொம்பக் கஷ்டம். செத்துச் செத்து விழும்போது உலகத்துல எங்கேயோ இருக்கிற வேற ஆட்டக்காரங்க உதவிக்கு வர்றாங்க, பேரோட. நம்மளச் சுத்தி நின்னு அடிய வாங்கிக்கிறாங்க. அவங்கள்ல ஒவ்வொருத்தன் விழும்போதும் அவனோட சேமிப்புக் கோப்பு அழிஞ்சதுன்னு காட்டும்.

ஜெயிச்ச பிறகு நம்மகிட்ட கேக்குது: முகம் தெரியாத ஒருத்தனுக்கு உதவ உன் சேமிப்பு மொத்தத்தையும் அழிக்கத் தயாரா? அவன் உனக்கு நன்றிகூடச் சொல்ல மாட்டான், பரவாயில்லையா? ஆமான்னா நிஜமாவே அழிச்சுரும். நீ ஆடின மணிக்கணக்கு, சேத்த ஆயுதம், எல்லாம் பட்டியல் பட்டியலா காலியாகுறது கண் முன்னாடி தெரியும். நான் ஆமான்னு போட்டேன்.

இங்க எழுந்து வர்றது அந்த ரோபோக்கள். குடுத்தது கதைக்குள்ள இருக்கிற ஆள் இல்ல, நான். ஏமாத்துன்னு எப்படிச் சொல்லுவ?

---

கச்சான்காத்து | மண்டபம்

அது ஏமாத்து இல்ல. ஒத்துக்கிறேன். ஆனா அதுவும் ‘அடுத்தவன் கைக்குப் போகணும்’ங்கிற என் கட்சிதான் காக்கா. உன் சேமிப்பு எவனோ ஒருத்தன் கைக்குப் போகுது.

க்ரோனோ விஷயத்துல மட்டும் நான் இறங்கி வரல. அக்கா கோச்சுக்காதீங்க.

---

சேதுக்கரையாள் | ராமேஸ்வரம்

கோவம் என்ன. ஆனா ஒன்னு மட்டும் சொல்லிக்கிறேன். நான் அந்த ஆட்டத்த முதல்ல ஆடும்போது மலை ஏறவே இல்ல. பொம்மை கதையெல்லாம் தெரியாது, அவன் இல்லாமலே முடிச்சேன். கடைசிக் காட்சியில அவன் இடம் காலியா இருந்துச்சு. ஆட்டம் அதுக்காக என்னத் திட்டல, தோத்துட்டேன்னு காட்டல. ஏறாதவங்களுக்கும் அதுல ஒரு முடிவு வச்சிருக்கான். உங்க தெரு அம்மா எந்த முடிவுல நிக்கிறாங்கன்னு நாம சொல்ல முடியாது, அவங்க ஆட்டம் ஓடிக்கிட்டு இருக்கு. காசு வாங்குறவனப் போலீஸ்ல சொல்லுங்க, அது வேற விஷயம்.

---

கச்சான்காத்து | மண்டபம்

சங்கத்துல சொல்லியாச்சு. பாப்போம்.

---

ரீசார்ஜ்_ராஜா | பரமக்குடி

எல்லாத்தையும் படிச்சுட்டேன். யாருக்கும் சொல்லிராதீங்க. செகிரோ என் போன்ல ஓடுமா?

---

ஷிஃப்ட்_முடிஞ்சவன் | கீழக்கரை (இப்ப துபாய்)

ஓடாது. கம்ப்யூட்டர் வேணும், இல்லேன்னா கன்சோல்.

---

சேதுக்கரையாள் | ராமேஸ்வரம்

க்ரோனோ ட்ரிகர் போன்லயே இருக்கு தம்பி, காசு குடுத்து வாங்கணும். திருவிழாவுல அவசரப்படாம வெள்ளிப் புள்ளி 40 சேத்துக்க. அத வச்சுக் கூடாரத்துக்குள்ள போ. பொம்மை சொல்ற மாதிரி இடது கை, வலது கை தூக்கணும், சிரிக்கணும். வேகம் ஏறிக்கிட்டே போகும்.

---

ரீசார்ஜ்_ராஜா | பரமக்குடி

அதுக்கு 40 புள்ளியா? ஓட்டப் பந்தயத்துல பந்தயம் கட்டிச் சேத்துக்கலாமா?

---

சேதுக்கரையாள் | ராமேஸ்வரம்

கட்டலாம். தோத்தா என்னக் கேக்காத.